பொன்னுரங்கம் காப்பாற்றப் போன வீடு

ராஜகீழ்ப்பாக்கத்தில் பொன்னுரங்கத்தைத் தெரியாதவர் யாரும் இல்லை என்று சொன்னால் அது சுத்தப் பொய். அவர் தெருவில் மட்டும்தான் அவரைத் தெரியும். ஆனால் அந்தத் தெருவில் அவரைத் தெரியாமல் ஒரு நாய்கூடக் கிடையாது. அப்பா காலத்தில் ஏரியோரம் நெல் போட்ட குடும்பம். நெல் போய் பிளாட் வந்தது. பிளாட் போட்டு விற்றது போக மிச்சம் இருந்த இடத்தில் பொன்னுரங்கம் மாடி வைத்து ஒரு வீடு கட்டினார். கீழே அவரும் மனைவி முனியம்மாவும். மாடி வாடகைக்கு. யாராவது அவரைக் காட்டி 'ஹவுஸ் ஓனர்' என்று சொல்லிவிட்டால் போதும், மனுஷருக்கு முதுகு தானாக நிமிர்ந்துவிடும். மற்றபடி நல்ல மனுஷர்தான். கோபம் கொஞ்சம் ஜாஸ்தி, வேலை கொஞ்சம் கம்மி.

டு-லெட் போர்டை மட்டும் யாரிடமும் கொடுக்க மாட்டார், தானே பெயின்ட் வாங்கி எழுதுவார். 'காற்றோட்டமான வீடு. எந்நேரமும் தண்ணீர். ஸ்டேஷன் ஐந்து நிமிடம்.' அவர் வீட்டிலிருந்து தாம்பரம் ஸ்டேஷனுக்கு ஐந்து நிமிஷத்தில் போகவேண்டுமென்றால் வேளச்சேரி ரோட்டில் ஒரு வண்டி இருக்கக் கூடாது, கேம்ப் ரோட்டில் சிக்னல் இருக்கக் கூடாது, ஓட்டுகிறவனுக்கு உயிர்மேல் ஆசை இருக்கக் கூடாது. கேட்டால், "நான் இன்னா நடந்தா போவச் சொன்னேன்?" என்பார். போர்டு மாட்டுவதற்கு முன்னால் மாடிக்கு ஒரு தடவை வெள்ளை அடித்துவிடுவார். அதுவும் மே மாசத்தில்தான் அடிப்பார். கத்திரி வெயிலில் சுவர் நன்றாகக் காய்ந்திருக்கும். போன மழையில் ஒழுகின கறையெல்லாம் வெள்ளைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும்.

அப்படி ஒரு மே மாசத்தில் வந்து ஏமாந்தவள்தான் கெசியா. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். கணவன் ஜோஸ்வினுக்கு மஸ்கட்டில் வேலை. ரெண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் ஸ்நேகாவோடு அவள் மாடியில் குடித்தனம் வந்தபோது சுவரைப் பார்த்து, "புது வீடு மாதிரி இருக்கு அங்கிள்" என்றாள். பொன்னுரங்கம் அடக்கமாகச் சிரித்துக்கொண்டார். நவம்பரில் ஹாலின் நடு உச்சியில் சொட்ட ஆரம்பித்தது.

போய்ச் சொன்னாள். "மழை நிக்கட்டும்மா, மழைல எவன் மேல ஏறி வேல செய்வான்?" என்றார் ஹவுஸ் ஓனர். நியாயம்தான். மழை நின்றதும் போய்ச் சொன்னாள். "இப்பதான் ஒழுகலயேம்மா" என்றார். அதுவும் நியாயம்தான். மழை பெய்தால் வேலை செய்ய முடியாது, வெயில் அடித்தால் செய்ய வேலை இல்லை. இந்த நியாயத்திலேயே ஒரு வருஷம் ஓடி அடுத்த மழையும் வந்துவிட்டது. இந்தத் தடவை ஹாலில் ஓர் இடம் இல்லை, மூன்று இடம். கெசியா சண்டை போடுகிற ஜாதி இல்லை. முனியம்மாவிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாள்: "ஆன்ட்டி, மேடவாக்கத்துல ஒரு வீடு பாத்துருக்கேன். இந்த மாசக் கடைசில காலி பண்ணிடலாம்னு இருக்கோம்."

முனியம்மாவுக்கு ஒரே மகன் சிவகுமார், வேலை வேலை என்று பெங்களூரில் கிடக்கிறான். ஸ்நேகா ஸ்கூல் விட்டு வந்து பையைக்கூடக் கழற்றாமல் கீழேதான் வருவாள், முறுக்கோ முட்டை பொரியலோ எது இருந்தாலும் ரெண்டு பேரும் பங்கு போட்டுத் தின்பார்கள். அந்தப் பிள்ளை இல்லாமல் சாயங்காலத்தை எப்படித் தள்ளுவது? நேரே புருஷனிடம் போய் நின்றாள்.

"இந்தாய்யா. மாடில காலி பண்றாங்களாம். அந்தப் பொண்ணு போச்சுன்னா நானும் என் புள்ள வூட்டுக்குப் பூடுவேன். நீ ஒண்டியா உக்காந்து போர்டு எழுதிகினு இரு."

"பாத்துக்கலாம் மே" என்றார் பொன்னுரங்கம், போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

அந்தப் போனைப் பற்றிச் சொல்லாமல் இந்த மனுஷரைப் பற்றிச் சொல்ல முடியாது. சிவகுமார் வாங்கிக் கொடுத்தது. அதில் கேரம் விளையாட்டு ஓசி. ஓசி என்று யார் சொன்னது? காசு வாங்கவில்லையே தவிர உயிரை வாங்கினார்கள். ஒரு ஆட்டம் முடிந்தால் ஒரு விளம்பரம். முடியாவிட்டாலும் ஒரு விளம்பரம். ரெட் காயைப் போட்டாயிற்று, அதற்கு ஃபாலோ காயையும் போட ஸ்ட்ரைக்கரைக் குறி வைக்கிறார், அந்த நேரம் பார்த்துக் கூலிங் கிளாஸ் போட்ட ஒருத்தன் திரை முழுக்க வந்து, வீட்டில் படுத்துக்கொண்டே லட்சாதிபதி ஆகிற வழியைச் சொல்வான். அவனை விரட்ட மூலையில் ஒரு எக்ஸ் இருக்கும், கடுகு சைஸில். பொன்னுரங்கத்தின் கட்டைவிரலோ நல்ல கனமான கட்டைவிரல். எக்ஸைத் தொட்டால் எக்ஸ் போகாது, வேறு ஏதோ கடை திறந்துகொள்ளும். சில இடத்தில் எக்ஸே டூப். சும்மா வரைந்து வைத்திருப்பார்கள், தொட்டவன் தொலைந்தான்.

போன மாசம் தெருக்கோடியில் ஒரு சாவு. பந்தல் ஓரத்துச் சேரில் உட்கார்ந்து, சத்தத்தைக் குறைத்துவிட்டோம் என்ற தைரியத்தில் பொன்னுரங்கம் மெல்ல ஒரு போர்டு ஆடினார். விளம்பரத்துக்குச் சத்தம் குறைகிற வழக்கம் இல்லை. "கங்கிராஜுலேஷன்ஸ், நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள்" என்று ஒரு பெண்பிள்ளை உச்சஸ்தாயியில் அலறினாள். மாலை போட வந்தவர் கை அப்படியே அந்தரத்தில் நின்றுவிட்டது. அன்றிலிருந்து அந்த வீட்டுக்காரர்கள் பொன்னுரங்கத்தைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்ட மனுஷரை ஒரே ஒரு விளம்பரம் அடியோடு சாய்த்துவிட்டது. பொம்மைப் படம்தான். ஓட்டை வீடு. உள்ளே ஒரு பெண், கையில் குழந்தை. வெளியே பேய்மழை. கூரை ஒழுகுகிறது, ரெண்டு பேரும் வெடவெடவென்று நடுங்குகிறார்கள். கீழே மூன்று படம்: தார்ப்பாய், சுத்தியல், லிப்ஸ்டிக். எதைத் தொட்டால் இவர்கள் பிழைப்பார்கள்? திரையில் ஒரு கை வருகிறது. தார்ப்பாய் பக்கம் போகிறது, சுத்தியல் பக்கம் போகிறது, கடைசியில் லிப்ஸ்டிக்கைத் தொடுகிறது.

"டேய் டேய், தார்ப்பாய எடுடா" என்று பொன்னுரங்கம் போட்ட கூச்சலில் முனியம்மா கரண்டியோடு ஓடிவந்தாள். திரையில் அந்தப் பெண் லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டு நனைந்தாள். குழந்தை அழுதது. 'தோல்வி' என்று வந்தது. 'உன்னால் முடியுமா?' என்று கேட்டது.

"இவனுக்கு மூள கீதா மே? மேல ஒழுகிகினு கீது, இவன் லிப்ஸ்டிக் குடுக்கிறான்."

முனியம்மா தலைக்கு மேலே, மாடியைக் காட்டினாள். "மேல ஒழுகறது உனுக்குத் தெரியுதா?"

"தெரியாம இன்னா? எனுக்கு இன்னா கண்ணு அவிஞ்சா பூட்ச்சி?" என்றவர் திரையையே காட்டினார். "ரீப்பர் கட்டைய அட்ச்சி மேல ஷீட்டு போட்டா ஒரு மணி நேர வேல. கஷ்டமே இல்ல."

முனியம்மா கரண்டியைப் பார்த்தாள், புருஷன் தலையைப் பார்த்தாள், அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அந்தப் பெண்ணையும் பிள்ளையையும் தானே காப்பாற்றிவிடுவது என்று முடிவுகட்டி, பொன்னுரங்கம் அந்த விளம்பரத்து விளையாட்டைப் போனில் இறக்கினார். திறந்தால் ஆப்பிள். பக்கத்தில் திராட்சை. அதற்குப் பக்கத்தில் வாழைப்பழம். ஒரே பழமாக மூன்றைச் சேர்த்தால் டப்பென்று வெடிக்கும். வீடும் இல்லை, பெண்ணும் இல்லை, மழையும் இல்லை. சரி, முதலில் பழத்தை முடித்தால் அப்புறம் வீட்டுக்குள் விடுவார்கள் போல என்று நினைத்தார். ஆள் வெள்ளந்தி. நாள்கணக்கில் பழம் வெடித்தார். ஒரு லெவல் முடிந்தால் இன்னொரு லெவல், பழமும் கலர் மாறியதே தவிர வேறொன்றும் வரவில்லை. நடுவில் கேரம் பக்கம் போனால் அதே பெண் அதே பிள்ளையோடு நடுங்கிக்கொண்டு நிற்பாள். சாப்பாடு இறங்கவில்லை மனுஷருக்கு.

"பாவம் மே, அந்தக் கொழந்த இன்னும் நனஞ்சிகினே கீது."

"மாடிலகூட ஒரு கொழந்த கீது. கொட புடிச்சிகினு வூட்டுப்பாடம் எழுதுது."

"அது வெளயாட்டுக்குப் புடிக்குது மே" என்றார், சோற்றைப் பிசைந்துகொண்டே.

ஒருநாள் பொறுமை போய்விட்டது. கம்பெனிக்காரனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இங்கிலீஷில் எழுதிப் போடவேண்டும். இங்கிலீஷுக்கு ஆள் வீட்டிலேயே இருக்கிறது. மழையோடு மழையாக மாடி ஏறினார்.

"கெசியாம்மா, ஒரு கம்ப்ளெயிண்டு விஷயமா வந்தேன்."

கெசியாவுக்கு ஒரு நிமிஷம் உயிரே வந்தது. அங்கிளே ஏறி வந்துவிட்டாரே, கூரையைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று அவசர அவசரமாக ஹாலில் ஒரு நாற்காலி போட்டாள். ஹாலில் மூன்று பாத்திரம் வைத்திருந்தது. பக்கெட்டில் ப்ளக் என்றும், பிளாஸ்டிக் பேசினில் டொக் என்றும், குண்டானில் டிங் என்றும் சொட்டிக்கொண்டிருந்தது. மூலையில் ஸ்நேகா குடைக்குக் கீழே உட்கார்ந்து கலர் அடித்துக்கொண்டிருந்தாள். பொன்னுரங்கம் உட்கார்ந்தார். அவருடைய வழுக்கையில் சரியாக ஒரு சொட்டு விழுந்தது. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டு போனை அவளிடம் நீட்டினார்.

"எழுதும்மா. வெளிய ஒண்ணு காட்ற, உள்ள வந்தா வேற ஒண்ணு கீது. நம்பி உள்ள வந்தவன் இன்னா இளிச்சவாயனா?"

கெசியா அவரை ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதினாள்.

"ஒரு பொம்பள, கைல கொழந்த, ஒழுகற வூட்ல கஷ்டப்பட்றா. அத்தப் பாத்துகினு சும்மா கீறியே, நீயெல்லாம் ஒரு மனுசனா? போட்டியாம்மா?"

"போட்டேன் அங்கிள்."

"மனசாட்சி கீதான்னு கேளு."

கெசியாவின் விரல் நின்றது. பொன்னுரங்கம் துண்டால் வழுக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கேட்டுட்டேன் அங்கிள்" என்றாள்.

"கீழ பேரு வேணாம். ஹவுஸ் ஓனர், ராஜகீழ்ப்பாக்கம்னு போடு. அப்பதான் பயப்படுவான்."

எத்தனை ஸ்டார் என்று போன் கேட்டது. ஒன்று என்றார். அதிலும் பாதி கொடுக்க வழி இருக்கிறதா என்று விசாரித்தார். குடைக்குள்ளிருந்து ஸ்நேகா, "ஒண்ணுக்குக் கீழ கிடையாது தாத்தா" என்று விதியைச் சொன்னாள். மனசே இல்லாமல் ஒன்று கொடுத்துவிட்டு எழுந்தார்.

"அங்கிள், மாசக் கடைசில நாங்க..." என்று கெசியா ஆரம்பித்தாள்.

"சொன்னா, ஒங்க ஆன்ட்டி சொன்னா. ஏம்மா அவசரப்பட்ற? பொங்கல் கழிச்சி ஆள வச்சிப் பாத்துடலாம்" என்று சொல்லிக்கொண்டே படி இறங்கிவிட்டார். கெசியா அன்றைக்கே கடையில் சொல்லி அட்டைப்பெட்டிகளை வாங்கிக்கொண்டு வந்தாள்.

அந்த வாரத்திலேயே கம்பெனியிலிருந்து பதில் வந்துவிட்டது. பொன்னுரங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடிக்கு ஓடினார். கெசியா புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். வாங்கிப் படித்துத் தமிழில் சொன்னாள்:

"அன்புள்ள ஹவுஸ் ஓனர் அவர்களுக்கு. உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம். எங்கள் ஆட்கள் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த அப்டேட்டில் சரியாகிவிடும். பொறுமையாக இருப்பதற்கு நன்றி."

"அடுத்த அப்டேட்டுன்னா எப்ப?"

"தேதி எதுவும் போடல அங்கிள்."

"இதுக்குப் பேரு பதிலா? நல்லா டபாய்க்கிறான்மா. அதுவரைக்கும் அந்தப் பொம்பள இன்னா பண்ணுவா?"

கெசியா பெட்டியின் வாயை மூடி டேப்பை ஒட்டினாள். குரலில் கோபம்கூட இல்லை. "என்ன பண்ணுவா அங்கிள். கீழ ரெண்டு பக்கெட் வைப்பா. மழை நிக்கட்டும், பொங்கல் போகட்டும்னு அவங்க சொல்றதையெல்லாம் கேட்டுப்பா. அப்புறம் வேற வீடு பாத்துட்டுப் பிள்ளையைக் கூட்டிட்டுப் போயிடுவா."

பக்கெட்டில் ப்ளக் என்றது. பொன்னுரங்கம் அப்போதுதான் தலையை நிமிர்த்தி மேலே பார்த்தார். அவர் கைப்பட அடித்த வெள்ளை உப்பி, தோல் உரிந்து தொங்கியது. அதற்கு அடியில் கெசியா வருவதற்கு முந்தின மழையின் கறை. அதற்கும் அடியில் அதற்கு முந்தின மே மாசத்து வெள்ளை. மூன்று குடித்தனத்துக்கு அவர் மூடி மூடி வைத்ததெல்லாம் வரிசையாகத் தெரிந்தது. மனுஷருக்கு முகம் செத்துவிட்டது. போனை மறந்து அங்கேயே வைத்துவிட்டுக் கீழே வந்து கட்டிலில் உட்கார்ந்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. தலைக்கு மேலேயே ஒரு தாயும் பிள்ளையும் நனைய, அவர் போய் யாரோ ஒரு பொம்மைக்காகப் பழம் வெடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

முனியம்மா காபி கொண்டுவந்தாள். டம்ளரை வாங்கிக்கொண்டு கேட்டார்: "நானும் அந்தக் கம்பெனிக்காரனும் ஒண்ணா மே?"

"சேச்சே" என்றாள் முனியம்மா. "அவன் மன்னிப்பு கேட்டானே."

ஆறுதல் சொல்கிற பழக்கம் அவளுக்கு எப்போதும் கிடையாது.

மழை சற்று விட்டதும் பொன்னுரங்கம் முதல் வேலையாகச் சுவிசேஷமுத்து கொத்தனாரைக் கையோடு கூட்டிவந்தார். மொட்டைமாடியில் பதித்திருந்த தட்டு ஓடு பாதிக்குமேல் பெயர்ந்து கிடந்தது. கொத்தனார் தட்டிப் பார்த்துவிட்டு, "இத்தனை நாள் எப்படி சார் இதுல ஆள் இருந்தாங்க?" என்று கேட்டார். பொன்னுரங்கம் வானத்தைப் பார்த்தார். பழைய ஓடுகளையெல்லாம் பெயர்த்து, விரிசலை அடைத்து, வாட்டர் புரூஃபிங் பூசி, புது ஓடு பதித்தார்கள். தண்ணீர் வடிகிற வாட்டம் சரியாக இருக்கிறதா என்று ஹவுஸ் ஓனரே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். ஜென்மத்தில் அவ்வளவு வேலை அவர் செய்ததில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது.

வேலை முடிந்ததும் கெசியாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் பார்த்தாள், நல்லா இருக்கு அங்கிள் என்றாள். ஆனால் பெட்டி ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை.

"தப்பா நினைக்காதீங்க. பார்க்க நல்லா இருக்கிறதை நம்பித்தான் அன்னிக்கு வந்தேன். ஒரு மழை பாத்துட்டுச் சொல்றேன். மேடவாக்கத்து ஓனர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வர்றீங்களான்னு கேப்பார்."

பொன்னுரங்கம் தலையை ஆட்டிவிட்டுக் கீழே வந்தார். அதற்கப்புறம் பார்த்தால், மழை போன இடம் தெரியவில்லை. இத்தனை நாள் மழை நிற்கட்டும், நிற்கட்டும் என்று சொன்ன மனுஷர் இப்போது மழை வராதா என்று வாசலுக்கும் உள்ளுக்கும் அலைந்தார். மழை வருமா என்று போனில் பார்க்கப் போனால், அதைச் சொல்வதற்கு முன்னால் ஷாம்பூ விற்க ஒருத்தி வந்தாள். வியாழக்கிழமை ராத்திரி முனியம்மா சத்தமில்லாமல் சாமி படத்துக்கு முன்னால் ரெண்டு ஊதுபத்தி கூடுதலாகக் கொளுத்தினாள்.

வெள்ளிக்கிழமை விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. ஸ்கூலுக்கெல்லாம் லீவு விட்டுவிட்டார்கள். தெருவில் முழங்கால் தண்ணீர். பொன்னுரங்கம் போனைக் கட்டில்மேல் போட்டுவிட்டு, ஒரு பிளாஸ்டிக் சேரைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு மாடி ஏறினார். ஹாலில் எந்த இடம் அதிகமாகச் சொட்டுமோ அந்த இடத்துக்கு நேர் கீழே சேரைப் போட்டு உட்கார்ந்தார்.

"என்ன அங்கிள் இது?" என்றாள் கெசியா.

"நீ ஒன் வேலயப் பாரும்மா. சொட்டுச்சுன்னா என் தலமேல சொட்டட்டும்."

மேலே பார்த்தபடியே இருந்தார். காபியையும் மேலே பார்த்துக்கொண்டே குடித்தார். ஸ்நேகா எதற்கும் இருக்கட்டும் என்று குண்டானைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்துவிட்டுப் போனாள். முனியம்மா நடுநடுவே ஏறிவந்து, அவர் வழுக்கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு இறங்கிப் போனாள். மத்தியானம் இடி இடித்து ஊற்றியது. பொன்னுரங்கம் சேரின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கூரை கசியாமல் இருந்தது. மூன்று மணிக்குமேல் அவருக்குக் கழுத்து வலித்திருக்க வேண்டும், தலை மெல்லப் பின்னால் சாய்ந்தது. வாய் திறந்துகொண்டது. குறட்டை வந்தது. வெளியே மழை விட்டபாடில்லை. திறந்த வாயில் ஒரு சொட்டு விழவில்லை.

சாயங்காலம் சொன்னபடி மேடவாக்கத்திலிருந்து போன் வந்தது. கெசியா சத்தம் வெளியே போகாமல் சமையலறைக்குள் போய் எடுத்தாள்.

"இல்ல சார், நாங்க வரல. உங்க வீடு நல்லாத்தான் சார் இருந்துச்சு, ஒரு குறையும் சொல்ல முடியாது. இங்க எங்க ஓனர் காலையிலேர்ந்து எங்க ஹால்லயே உக்காந்திருந்தார், இப்பத்தான் அசந்து தூங்கறார். அவரை எழுப்பி, வேற வீட்டுக்குப் போறேன்னு சொல்ல எனக்கு வாய் வரல சார்."